பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கணக்கு, கொள்முதல், இருப்பு, சம்பளம் அனைத்தையும் ஒரே இடத்தில் நடத்தும் இ.ஆர்.பி. என்ற பெரிய மென்பொருளுக்கு மாறும்போது, அதன் அமைவுகளை ஒவ்வொன்றாகக் கையால் இடாமல் தானாக ஏற்ற முடியுமா, பழைய விவரங்களைப் பழுதில்லாமல் கொண்டுசேர்க்க முடியுமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மின்சாதனங்களும் குழாய்ச் சாமான்களும் மொத்தமாக விற்கும் நிறுவனம் எங்களுடையது. தலைமையகம் பாளையங்கோட்டையில், தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் ஆகிய ஊர்களில் கிளைகள் உண்டு, அடுத்து புனலூரில் ஒன்று திறக்க இருக்கிறோம். தலைமையகத்துக்குப் புதிய இ.ஆர்.பி. மென்பொருளை அமைப்பதற்கே ஒரு காலாண்டு போய்விட்டது. மற்றக் கிளைகளுக்கு ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதி ஒரே நாளில் ஏற்றிவிடலாம் என்கிறார் ஆலோசகர். நம்பலாமா?
— கணக்கு மேலாளர், பாளையங்கோட்டை

பதில்: நம்பலாம். ஆனால் அவர் சொல்லும் அந்த ஒரு நாளுக்கு முன்னால் பல நாள் வேலை ஒன்று இருக்கிறது. அதை அவரால் செய்ய முடியாது, உங்கள் நிறுவனத்தார்தான் செய்ய வேண்டும்.

ஒரு இ.ஆர்.பி.க்குள் போகும் விவரங்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது அமைவுகள்: நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது, கணக்குத் தலைப்புகள் எந்த வரிசையில் நிற்கின்றன, வரி விதிகள் எவை, பில் எண்ணின் வடிவம் என்ன, எவ்வளவு தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பன போன்றவை. இரண்டாவது மாஸ்டர் விவரங்கள்: சரக்குகள், வாடிக்கையாளர்கள், சப்ளையர்கள், ஊழியர்கள். மூன்றாவது அன்றாட வரவு செலவுகள்: பில்கள், ரசீதுகள், நிலுவைகள், கிடங்கு இருப்பு. உங்கள் ஆலோசகர் பேசுவது முதல் வகையைப் பற்றி மட்டுமே. மற்ற இரண்டும் பின்வரும் கேள்விகளில் வருகின்றன.

அமைவுகளைக் கோப்பாக இறக்கி வேறொரு சர்வரில் ஏற்றுவது புதிய வித்தை எதுவும் இல்லை. ஆரக்கிளின் இ-பிசினஸ் சூட்டில் எஃப்.என்.டி.லோட் என்ற கட்டளை வெகு காலமாகவே உள்ளது: எந்த வகை அமைவை எப்படிப் படிப்பது என்று சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்றையும், அந்த அமைவின் விவரங்களைத் தாங்கிய எழுத்துக் கோப்பு ஒன்றையும் வைத்துக்கொண்டு, சோதனைச் சர்வரிலிருந்து இறக்கியதை, அன்றாட வேலை நடக்கும் நேரடிச் சர்வரில் அது ஏற்றிவிடும். சாப் என்ற இ.ஆர்.பி. மென்பொருளில், உருவாக்கச் சர்வரில் செய்த மாற்றங்கள் டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட் என்ற பொதியில் பதிவாகி, சோதனைச் சர்வரைக் கடந்து நேரடிச் சர்வருக்குச் செல்கின்றன. நேரடிச் சர்வரில் யாரும் தன் கையால் அமைவுகளைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட ஒழுங்கு. மைக்ரோசாஃப்ட்டின் பிசினஸ் சென்ட்ரலில் இதற்குக் கான்பிகரேஷன் பேக்கேஜ், ஓடூவில் சி.எஸ்.வி. என்ற காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்புகள், எக்ஸ்.எம்.எல். கோப்புகள், நம் நாட்டில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் ஃபிக்ஸ்சர் கோப்புகள் என்று வழி இருக்கிறது. நீங்கள் வாங்கியது எதுவாக இருந்தாலும், அந்த மென்பொருளே தரும் வழியை முதலில் கேளுங்கள். திரையில் மனிதர் தட்டுவதைப் போலவே தட்டிக் காட்டும் ரோபோ நிரல்களை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினாலே அவை நின்றுவிடும்.

இடறல்கள் வேறிடத்தில் வரும். மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் தானாக ஓர் உள் எண்ணை இட்டுக்கொள்ளும். சோதனைச் சர்வரில் தென்காசிக் கிடங்குக்கு விழுந்த எண், நேரடிச் சர்வரில் தூத்துக்குடிக் கிடங்குக்கு விழுந்திருக்கலாம். ஸ்கிரிப்ட் உள் எண்ணை நம்பி எழுதப்பட்டிருந்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலேயே தென்காசிச் சரக்கு தூத்துக்குடிக் கணக்கில் போய் உட்காரும். இதனால்தான் ஒவ்வொரு கிடங்குக்கும், வரிக்கும், கணக்குத் தலைப்புக்கும் நீங்களே ஒரு நிலையான குறியீடு வைத்து, ஸ்கிரிப்ட் அதை மட்டுமே பார்த்து நடக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றும் வரிசையும் முக்கியம்: நாணயம், நிதியாண்டு, கணக்குத் தலைப்புகள், நிறுவனம், கிளை, கிடங்கு, வரி, சரக்குப் பிரிவு என்று, ஒன்றை மற்றொன்று சார்ந்து நிற்கும் முறையில்தான் ஏற வேண்டும். பாதியில் மின்சாரம் போனால், அதே ஸ்கிரிப்டை மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது ஏற்கெனவே இருப்பதைக் கண்டு திருத்திக்கொள்ளுமா, இரண்டாவது பிரதி ஒன்றை உண்டாக்குமா என்று கேளுங்கள். சோதனைச் சர்வரில் அதை அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னால் விடை தெரிந்துவிடும். வங்கி இணைப்பு, மின் பில் தளத்தின் கடவுச்சொல், கடைசியாக வெட்டிய பில் எண் ஆகியவை பெரும்பாலும் கோப்பில் வராது, வரவும் கூடாது. அவற்றுக்கென்று தனிப் பட்டியல் வைத்துக் கையால் இடுங்கள்.

இனி உங்கள் புனலூர்க் கிளைக்கு வருகிறேன். ஆலோசகர் இதைக் கவனித்தாரா என்பது உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் நான்கும் தமிழ்நாட்டில் இருப்பதால், 33 என்று தொடங்கும் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணின் கீழ் அவை இயங்கலாம். அந்தக் கிளைகளுக்கிடையே சரக்கு போனால் டெலிவரி சலான் போதும், வரி கிடையாது. புனலூர் கேரளத்தில் இருக்கிறது. அங்கே 32 என்று தொடங்கும் தனிப் பதிவு எடுக்க வேண்டும்; சட்டத்தின் பார்வையில் அது வேறொரு நபர்; எனவே ஆரியங்காவு வழியாக உங்கள் சொந்தக் கிளைக்கே அனுப்பும் சரக்குக்கும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி போட்டு வரி பில் வெட்டியாக வேண்டும். தென்காசியின் அமைவுகளை அப்படியே நகலெடுத்துப் புனலூர் என்று பெயர் மாற்றினால் ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றிவிடும். தவறு வரித் தாக்கலில்தான் தெரியவரும். பில் எண்ணும் அப்படியே: ஜி.எஸ்.டி. விதிகளின் 46ஆம் விதிப்படி அது 16 எழுத்துகளுக்கு மேற்படாமலும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமலும் இருக்க வேண்டும்; ஒரே ஜி.எஸ்.டி. எண்ணின் கீழ் இயங்கும் நான்கு கிளைகளும் ஒரே வடிவத்தை நகலெடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் 1இலிருந்து தொடங்கினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் முதலில் குறிப்பிட்ட அந்தப் பல நாள் வேலை இதுதான். உங்கள் தலைமையகத்தில் இட்ட ஒவ்வோர் அமைவையும் ஒரு தாளில் எழுதி, அதன் எதிரே அது எல்லாக் கிளைக்கும் பொதுவா, மாநிலத்துக்கு மாறுமா, கிளைக்குக் கிளை மாறுமா என்றும், அந்த முடிவை யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்றும் குறியுங்கள். எடுத்துக்காட்டாக, கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்குப் பில் வெட்டவிடாமல் தடுப்பது யாருடைய முடிவு? தூத்துக்குடியில் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டா, அல்லது யாரோ மறந்துவிட்டார்களா? இந்தக் காரணப் பத்தியை எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாது. ஆலோசகர்கள் மாறுவார்கள், மென்பொருளும் ஒருநாள் மாறும்; அப்போது உங்களிடம் இந்தத் தாள் இருந்தால் மறுபடி ஒரு காலாண்டு போகாது.

கேள்வி: எங்களுக்கு லைன் வசூல் முறை. விற்பனையாளர் திங்கள்கிழமை ஆலங்குளம் லைன், செவ்வாய்க்கிழமை சுரண்டை லைன் என்று போய், போன வாரச் சரக்குக்கு இந்த வாரம் பணம் வாங்கி வருவார். புதிய மென்பொருளில் 30 நாள் தவணை என்ற முறைதான் தயாராக இருக்கிறது. நம் முறைக்கு அதை மாற்றி எழுதத் தனிப் பணம் கேட்கிறார்கள். மென்பொருளை மாற்றுவதா, நம்மை மாற்றிக்கொள்வதா?
— மொத்த வியாபாரி, பாவூர்சத்திரம்

பதில்: ஜெர்மனியின் லிடில் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விலை உலகம் அறிந்தது. சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அவர்களுடைய வழக்கம். அவர்கள் எடுத்துக்கொண்ட சாப் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும் முறையில் அமைந்தது. தங்கள் வழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். ஏழாண்டு முயற்சிக்குப் பின், ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான நிலையில், 2018இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அதற்காக, மென்பொருள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் லைன் வசூல் வாடிக்கையாளரோடு உள்ள ஏற்பாடு. அதைக் கைவிட்டால் கடைக்காரர் வேறு மொத்த வியாபாரியிடம் போவார், ஆகவே அது நிற்க வேண்டும். ஆனால் அதற்காக நிரலை மாற்றி எழுதத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. தவணை 7 நாள் என்ற ஒரு வரி, வாடிக்கையாளர் மாஸ்டரில் லைன் என்ற ஒரு கூடுதல் கட்டம், அந்தக் கட்டத்தின்படி பிரித்துத் தரும் ஒரு நிலுவை அறிக்கை ஆகிய மூன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் அமைவாகவே செய்யக் கூடியவை. அமைவாகச் செய்தது அடுத்த பதிப்புக்கு மாறும்போது பெரும்பாலும் கூடவே வரும். நிரலை வெட்டி ஒட்டியது ஒவ்வொரு தடவையும் மறுபடி பணம் கேட்கும். அமைவாகவே செய்து காட்ட முடியுமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, எங்கள் மென்பொருளில் 28 என்று இருந்ததையெல்லாம் 18 என்று மாற்றிவிட்டோம். அதன் பிறகு, ஆகஸ்டில் விற்ற மூட்டைகள் திரும்பி வந்தபோது கிரெடிட் நோட்டிலும் 18 என்றே விழுந்தது. இன்னொரு மாற்றம் வந்தால் சரியாகச் செய்வது எப்படி?
— சிமெண்ட் விற்பனையாளர், தாழையூத்து

பதில்: பழைய விற்பனையைத் திருத்தும் கிரெடிட் நோட்டில், அந்த மூல பில்லில் போட்ட வரி விகிதமே வர வேண்டும், எனவே உங்கள் ஆகஸ்ட் மூட்டைகளுக்கு 28தான் சரி. வரி விகிதம் என்பது சரக்கின் பெயரைப் போல ஒரே மதிப்பைக் கொண்ட கட்டம் என்று நினைத்து அழித்து எழுதியதே இங்கே கோளாறு. நல்ல மென்பொருளில் அது தேதியோடு சேர்ந்த வரிசையாக இருக்கும்: 2523 என்ற எச்.எஸ்.என். குறியீட்டுக்கு (சரக்கை வகைப்படுத்தும் எண்) 2025 செப்டம்பர் 21 வரை 28, 22 முதல் 18. பழைய வரி அழியாது. மூல பில்லின் தேதியை வைத்து எது பொருந்தும் என்று மென்பொருளே எடுத்துக்கொள்ளும். உங்களுடையதில் இந்த வசதி இருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருக்கலாம். வரி மாஸ்டரில் எந்தத் தேதி முதல் என்று கேட்கும் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

28ஐயெல்லாம் 18 ஆக மாற்றும் வழக்கம், சிமெண்ட் என்பதால் உங்கள் புதிய பில்களிலாவது சரியாகப் போனது. வேறு கடையில் அதுவும் சரியாகப் போயிருக்காது. அதே நாளில் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் 28இலிருந்து 40க்குப் போயின. பீடி, சிகரெட் போன்ற புகையிலைப் பொருள்களுக்கு அன்று மாற்றமே வரவில்லை. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி வியாபாரம் செய்பவர் உங்களைப் போல ஒரே கட்டளையில் மாற்றியிருந்தால், அன்றிரவு முதல் வெட்டிய ஒவ்வொரு பில்லும் தவறாகியிருக்கும். 12 விழுக்காட்டுப் பிரிவிலும் நெய் 5க்கு இறங்கியது, 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடை 18க்கு ஏறியது. எனவே விகிதத்தைத் தேடி மாற்றாமல், எச்.எஸ்.என். குறியீடு, பழைய விகிதம், புதிய விகிதம், தொடங்கும் தேதி என்று நான்கு பத்திகள் கொண்ட கோப்பு ஒன்றை உங்கள் ஆடிட்டரின் ஒப்புதலோடு தயாரித்து, அதைச் சோதனைப் பிரதியில் ஏற்றி, மாற்றத்துக்கு முந்தைய தேதியில் ஒரு பில், பிந்தைய தேதியில் ஒரு பில், முந்தைய பில்லுக்கு ஒரு கிரெடிட் நோட் என்று மூன்றையும் வெட்டிப் பார்த்துவிட்டு நேரடிச் சர்வருக்குப் போங்கள்.

கேள்வி: நான் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி அண்ணாச்சி பழைய மென்பொருளிலிருந்து எல்லாவற்றையும் எக்ஸெலில் எடுத்துப் புதியதில் ஏற்றச் சொன்னார். ஏற்றினால் பாதிச் சரக்குகளுக்கு எச்.எஸ்.என். தவறு என்று வருகிறது. தமிழில் உள்ள பெயர்கள் புரியாத எழுத்துகளாகத் தெரிகின்றன. ஒரே வாடிக்கையாளர் இரண்டு தடவை வருகிறார். எங்கே தவறு?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று தொல்லைகளும் மூன்று வேறு காரணங்களால் வருபவை.

மளிகைச் சரக்கில் பெரும்பகுதிக்கு எச்.எஸ்.என். குறியீடு சுழியத்தில் தொடங்கும்: மிளகும் வற்றலும் 0904, காப்பி 0901, மஞ்சள் 0910, பருப்பு வகைகள் 0713. எக்ஸெல் இவற்றை எண்கள் என்று எண்ணிக்கொண்டு முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். 904 என்று எந்தக் குறியீடும் இல்லாததால் புதிய மென்பொருள் மறுக்கிறது. மறுப்பதால் உங்களுக்குத் தெரிந்தது. அதே எக்ஸெல் 0462 என்று தொடங்கும் நம் ஊர்த் தொலைபேசி எண்களிலும் சுழியத்தைத் தின்றிருக்கும், அதை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்ஸெலின் இறக்குமதி வழியாகத் திறந்து, அந்தப் பத்திகளை எழுத்து என்று குறிப்பிடுங்கள். தேதிகளையும் அப்போதே பாருங்கள். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மார்ச் 4. இந்த இரண்டும் வேறு வேறு நிதியாண்டில் விழுகின்றன. ஆகவே தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதுவதே பத்திரம்.

தமிழ்ப் பெயர்கள் கெட்டதற்குக் காரணம் பழைய எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துச் சேமித்தன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும், அச்சு போன்ற தேவைகளுக்காக டேஸ் 16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. ஆனால் கடைகளில் உள்ள கணக்கு அரசாணை வந்த அன்றே மாறிவிடுவதில்லை. உங்கள் பழைய மென்பொருள் எந்த எழுத்துருவைப் பயன்படுத்தியது என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியில் முதலில் பெயர்ப் பத்தியை மட்டும் ஓட்டுங்கள். முகவரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றி ஆங்கிலத்தையும் சேர்த்துக் குதறிவிடும். அந்த வரிகளைப் பிரித்தெடுத்துத் தனியாகச் செய்யுங்கள்.

ஒரே வாடிக்கையாளர் இரண்டாக வருவது மூன்றாவது கதை. கோமதி ஸ்டோர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் பக்கம் அந்தப் பெயரில் கடை இல்லாத தெரு இருக்காது. யூனிகோடில் 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோரும் நிறைய உண்டு. முதல் வகையைச் சரிசெய்ய யூனிகோடு நியமமாக்கல் என்ற முறை இருக்கிறது, பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரே வரியில் செய்யலாம். இரண்டாவதற்கு ஆள்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, வாடிக்கையாளரை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் ஜி.எஸ்.டி. எண்ணையும், அது இல்லாதவர்களுக்குக் கைப்பேசி எண்ணையும் வைத்துக்கொள்வதே என் யோசனை.

அண்ணாச்சியிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: மூட்டை என்றால் எத்தனை கிலோ? அரிசிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று என்று பதில் வந்தால், மூட்டையை எல்லாச் சரக்குக்கும் பொதுவான அளவாகப் போடாமல், சரக்குவாரியாகக் கிலோவுக்கு மாற்றும் அளவைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணினிமயமாக்கல் நடக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை சரியாக ஏறிவிட்டது, மொத்தத் தொகையும் ஒத்துப்போகிறது. ஆனாலும் சில உறுப்பினர்களின் நிலுவை வேறுபடுகிறது. மொத்தம் சரிதானே, தொடங்கிவிடுங்கள் என்று சொல்கிறார்கள். தொடங்கலாமா?
— சங்கச் செயலாளர், களக்காடு வட்டாரம்

பதில்: தொடங்கக் கூடாது. மொத்தம் ஒத்துப்போய் உறுப்பினர் கணக்கு வேறுபடுகிறது என்றால், ஒருவருடைய பணம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது என்று பொருள். உங்களிடம் அதற்குப் பதில் கேட்பவர் தன் பாஸ்புக்கோடு நேரில் வருவார்.

நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, ஒரே பொது மென்பொருள், ஒரே பொதுக் கணக்குமுறை என்பதே அதன் மையமாக இருந்தது. அதனால் உங்கள் பேரேட்டில் பல்லாண்டுகளாக இருந்துவரும் தலைப்புகள் பொதுத் தலைப்புகளுக்குள் பொருத்தப்பட வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் அந்தப் பொருத்தத்தில்தான் பிறக்கும். அசல், வட்டி, அபராத வட்டி என்று மூன்றாக எழுதியிருந்ததை யாராவது இரண்டாகச் சேர்த்தார்களா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியையும், அதன் பின் வந்த 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியையும் குறிப்பாகப் பாருங்கள்: தள்ளுபடியான கடன் உறுப்பினர் பெயரில் முடிந்து, அரசிடமிருந்து வர வேண்டியதாக மாற வேண்டும். பழைய பேரேட்டில் அதைப் பென்சிலில் குறித்துவிட்டு விட்டிருந்தால், ஏற்றியவர் கண்ணில் அது பட்டிருக்காது.

ஒப்பிடும் முறை எளியது. மாற்றத் தேதியன்று பழைய முறையில் ஓர் உறுப்பினர் வாரிப் பட்டியல், புதியதில் அதே பட்டியல்; இரண்டையும் உறுப்பினர் எண்ணால் இணைத்து, வேறுபாடு பூச்சியம் அல்லாத வரிகளை மட்டும் அச்சிடுங்கள். பங்குத்தொகை, வைப்பு, பயிர்க்கடன், நகைக்கடன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்யுங்கள். எஞ்சிய வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் தள்ளி மொத்தத்தைச் சமன்செய்யும் யோசனை யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

விவரம் முழுக்கச் சரியாக ஏறிய பிறகும் ஒரு சோதனை மீதமிருக்கிறது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கைப் புதிய தளத்துக்கு மாற்றியது. விவரங்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன; ஆனால் தளம் சுமை தாங்காமல் பழுதாகி, 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்; 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. உங்கள் சங்கம் சிறியது. இருந்தாலும் உரம் வாங்கவும் நகை மீட்கவும் கூட்டம் வரும் ஒரு நாளைப் போல, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பதிவுசெய்து ரசீது அச்சிட்டுப் பார்த்துவிட்டுத் திறங்கள். பழைய பேரேடுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். தணிக்கை முடியும்வரை மேசையருகே இருக்கட்டும்.

கேள்வி: இந்த வேலைகளையெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட முடியாதா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஸ்கிரிப்டின் முதல் வரைவை எழுதித் தரும், பழைய தலைப்புக்கு எந்தப் புதிய தலைப்பு பொருந்தும் என்று ஊகித்துத் தரும். ஊகம் என்பதை மறக்காமல் ஒவ்வொன்றையும் கணக்கர் பார்க்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளர் பட்டியலையும் நிலுவைகளையும் இலவசச் சேவை எதிலும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: அபிஷேகப்பட்டியில் பட்ட மேற்படிப்பு படிக்கிறேன். இ.ஆர்.பி. துறையில் வேலை கிடைக்குமா? சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் விலை உயர்ந்த பயிற்சியில் சேர வேண்டுமா?
— மாணவி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்

பதில்: மாற்றும் வேலை இன்னும் சில ஆண்டுகளுக்குக் குறையாது. சாப் நிறுவனம் 2015இல் எஸ்/4 ஹானாவைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய இ.சி.சி. மென்பொருளின் அண்மைப் பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவு வரை, கூடுதல் கட்டணத்தில் 2030 வரை என்று அறிவித்திருக்கிறது. உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் அதற்குள் மாறியாக வேண்டும். ஊரை விட்டுப் போகாமலே மென்பொருள் வேலை பார்க்க முடியும் என்பதற்குத் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் உள்ள ஜோஹோ அலுவலகமே சான்று.

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். இந்தத் துறையில் நிரல் மட்டும் தெரிந்தவருக்குக் கணக்கு புரிவதில்லை, கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு நிரல் புரிவதில்லை. இரண்டையும் ஓரளவு அறிந்தவர்தான் தேவைப்படுகிறார். ஆகவே இரட்டைப் பதிவு முறையையும் ஜி.எஸ்.டி.யின் அடிப்படையையும் ஒரு புறமும், தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்.கியூ.எல். மொழி, பைத்தான், கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி ஆகியவற்றை மறுபுறமும் படியுங்கள். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தெரிந்த கடை ஒன்றைக் கற்பனையாக அமைத்து, கணக்குத் தலைப்பு முதல் வரி வரை எல்லா அமைவுகளையும் கோப்புகளாக எழுதி கிட்டில் வையுங்கள். பிறகு சர்வரை முழுக்க அழித்துவிட்டு, திரையில் ஒரு பொத்தானையும் தொடாமல், அந்தக் கோப்புகளிலிருந்தே கடையை மறுபடி எழுப்புங்கள். தொடக்க நிலுவைகளை ஏற்றி, அழிப்பதற்கு முன் எடுத்து வைத்த இருப்பாய்வுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதல் முயற்சியில் ஒத்துப்போகாது. எந்தத் தலைப்பில், எந்தக் கோப்பால் வேறுபாடு வந்தது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு திருத்தத்தையும் காரணத்தோடு கிட்டில் பதியுங்கள். நேர்காணலில் சான்றிதழைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பதிவுகளைத் திறந்து காட்டுங்கள். எதிரே இருப்பவர் இந்த வேலையைச் செய்தவராக இருந்தால் கேள்விகள் அங்கிருந்தே தொடங்கும்.